பஸ்ஸின் நடுக்கத்தை நான் நிறுத்தியபோது

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை அம்மாவுக்கு ஒருமுறைகூடச் சரியாகப் புரியவைக்க முடிந்ததில்லை. உப்பலுக்கு அப்பால், பெரிய பம்புகள் செய்யும் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றின் அதிர்வுப் பிரிவில் நான் இளநிலைப் பொறியாளர். ஓடும் இயந்திரத்தின் மேல் ஒரு சின்ன உணர்கருவியை ஒட்டி, அது எவ்வளவு நடுங்குகிறது என்று மீட்டரில் பார்த்து, நடுக்கம் எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதைக் குறைக்க வழி சொல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது விசாரித்தால், "சத்தம் போடுற மிஷினெல்லாம் சத்தம் போடாம பண்றா" என்பாள் அம்மா. "அதுக்கு எஞ்சினியரிங் படிக்கணுமா?" என்று கேட்டால், "ஹவ், ஆமா, நானும் அதத்தான் கேக்குறேன்" என்று அவர்கள் பக்கமே சேர்ந்துகொள்வாள்.

எழுபதுகளின் பின்பாதி அது. எங்கள் வீடு போலாரத்தில். தொழிற்சாலை பஸ் எங்கள் தெருமுனையில்தான் கிளம்பும். சிகந்தராபாத், தார்நாகா, ஹப்சிகுடா என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு உப்பல் வழியாகப் போகும். பெண்கள் நாங்கள் நான்கே பேர். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை எங்களுடையது. என்ஜின் உள்ளேயே, ஓட்டுநருக்கு இடது பக்கம், ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கும். அதன் சூடு எங்கள் முழங்கால்வரை வரும்.

அந்த பஸ் நடுங்கியதைப் போல வேறொரு வண்டி நடுங்கி நான் பார்த்ததில்லை. நிற்கும்போதே ஆடும். தார்நாகா தாண்டி வேகம் எடுத்ததும் ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்து பல்லைக் கடிக்கும். மடியிலிருக்கும் டிபன் பாக்ஸின் மூடி தன்னால் நகரும். செய்தித்தாள் விரித்தால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரியும். முதுகுவலி, தலைவலி என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். அதிர்வுக்கென்றே ஒரு பிரிவை வைத்துக்கொண்டு நம் பஸ்ஸையே இப்படி ஓடவிடலாமா என்று அதில் ஒரு வரி. அந்த வரிதான் எங்கள் பிரிவுத் தலைவரைச் சுட்டிருக்க வேண்டும். அவர் விஜயவாடாப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தாதவர். மனுவை என் மேஜையில் வைத்து, "நீங்கள் தினமும் அதில்தானே வருகிறீர்கள். நீங்களே பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அது பெருமையா தண்டனையா என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் ஓட்டுநரிடம் போனேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வட ஆற்காட்டுக்காரர். ராணுவத்தில் பீரங்கி இழுக்கும் வண்டி ஓட்டி, ஓய்வுபெற்று, போலாரத்திலேயே வீடு பார்த்துக்கொண்டவர். அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். ஆனால் பேசுவது அபூர்வம். பின்னாலிருந்து யாராவது எதையாவது கேட்டால் திரும்பக்கூட மாட்டார். மிலிட்டரித் திமிர் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"இந்த வண்டிக்கு இன்னாம்மா? நல்லாத்தானே ஓடிக்கினு கீது" என்றார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"எல்லாரும் ஆடுதுன்னு சொல்றாங்க அண்ணே."

"ஆடட்டுமே. எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. இத்த ஏன் நோண்டுறீங்க?"

"வேலையாக் குடுத்திருக்காங்க. செய்யாம இருக்க முடியாது."

அவர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மூன்று வாரம் மதிய வேளைகளில், வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஷெட்டில் அந்த பஸ்ஸோடு கிடந்தேன். என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் வருடக்கணக்கில் எண்ணெயும் சூடும் பட்டுக் கல்லாகிவிட்டிருந்தன. அவை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். என்ஜினின் நடுக்கம் அப்படியே வண்டியின் அடிச்சட்டத்துக்கு இறங்கியது. ஷெட் ஃபோர்மன் பழைய நகரத்துக்காரர். "நக்கோ மேடம், வேண்டாம், புது ரப்பர் போட்டாலும் இந்தக் கிழம் ஆடத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். மீட்டரின் முள் பாதிக்குக் கீழே இறங்கியது. மறுநாள் முன்னிருக்கைக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னிருக்கைக்காரர்களோ, முன்னைவிட மோசம், யாரோ சுத்தியால் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒரே பஸ், ஒரே நாள். என் குறிப்பேட்டில் எல்லா எண்களும் இறங்கித்தான் இருந்தன. நாலு நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஷெட்டின் பழுதுபார்க்கும் பள்ளத்தில் இறங்கி பஸ்ஸின் அடியில் பார்த்தபோது தெரிந்தது: புது ரப்பரில் என்ஜின் தாராளமாக அசைய ஆரம்பித்திருந்தது. அதோடு சேர்ந்து அசைந்த சைலன்சர் குழாய் பின்பக்கம் சட்டத்தில் போய் இடித்துக்கொண்டிருந்தது. குழாயைத் தாங்கும் பிடியையும் மாற்றினோம். தரைத் தகட்டின் மேல் தார் பூசிய தடித்த அட்டைகளை ஒட்டினோம். என்ஜின் மூடிக்குள் கம்பளி மாதிரியான ஃபெல்ட் வைத்துத் தைத்தோம்.

அடுத்த திங்கட்கிழமை பஸ் கிளம்பியதும் ஒருவரும் பேசவில்லை. இவ்வளவு நாள் கத்திக் கத்திப் பேசியவர்களுக்கு எந்தக் குரலில் பேசுவதென்று தெரியவில்லை. என் பக்கத்திலிருந்தவர் பழக்க தோஷத்தில் தன் நாத்தனார் பற்றி உரக்க ஏதோ சொல்ல, அது கடைசி வரிசைவரை கேட்டு, அங்கே ஒருவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பக்கத்து இருக்கைக்காரர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தேன்.

அந்த வாரமே வேறு ஒரு குழப்பம் தொடங்கியது. பஸ் குதித்துக் குதித்து ஓட ஆரம்பித்தது. கியர் விழும்போது கடகடவென்று பல் உரசும். மேட்டில் இரண்டாவது கியரிலேயே அலறிக்கொண்டு ஏறும். சமதரையில் நாலாவதில் போட்டு மூச்சுத் திணறும். தலைகள் முன்னும் பின்னும் ஆடின. "ரப்பரைத் தொட்டதால்தான் இப்படி" என்று என் காதுபடவே சொன்னார்கள். ஃபோர்மன் கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை. அவரே உப்பல்வரை ஓட்டிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. மறுநாள் காலை நம் ஓட்டுநர் உட்கார்ந்ததும் மறுபடி அதே கதை.

"வேண்டுமென்றே செய்கிறாரா?" என்றார் தலைவர்.

"தெரியவில்லை சார்" என்றேன். ஆனால் நானும் அதைத்தான் சந்தேகித்தேன். இதைத் தொடாதே என்று முதல் நாளே சொன்னவர் ஆயிற்றே. மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு, மீட்டரைப் பார்க்காமல் அவரையே பார்த்தேன். இடது செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். சிக்னலில் நின்றபோது இடது கையை என்ஜின் மூடியின் மேல் விரித்து வைத்தார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. கையை எடுத்தார். மறுபடி வைத்தார். வேண்டுமென்றே கெடுக்கிறவர் முகம் அப்படி இருக்காது.

ஹப்சிகுடா நிறுத்தத்தில்தான் அது நடந்தது. ஆட்கள் ஏறி முடித்தார்கள். அவர் கிளட்சைச் சரியாக விடாததில் பஸ் ஒரு உதறு உதறி, என்ஜின் நின்றுவிட்டது. அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. தெருவில் ஒரு ரிக்ஷாக்காரர் யாரையோ கூப்பிடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. ஓட்டுநர் மட்டும் முதல் கியரைப் போட்டார். ஆக்சிலரேட்டரை மிதித்தார். பஸ் நகரவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். தன் காலையே குனிந்து பார்த்தார்.

"அரே, பண்டி ஆகிப்போயிந்தி!" என்று பின்னாலிருந்து ஒருவர் தெலுங்கில் கத்தினார். வண்டி நின்றுபோச்சு என்று தமிழில் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை. மறுபடி மிதித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய் அவர் தோளைத் தொட்டேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் சத்தம் வராமல், வாயை மட்டும் அசைத்து, "என்ஜின் நின்னுபோச்சு" என்றேன். அவருக்குப் புரிந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினார். தொழிற்சாலை போய்ச் சேரும்வரை கண்ணாடியில் என் முகத்தை நாலைந்து முறை பார்த்தார்.

மதியம் ஷெட்டுக்குப் போனேன். பஸ்ஸின் படியில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் வைத்திருந்தார்.

"பீரங்கிம்மா" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "பக்கத்துலயே நின்னுக்கினு இருப்போம். இந்தக் காது சுத்தமா போச்சு. அந்தக் காதுல எப்பவாச்சும் கொஞ்சம் வரும்."

"வேலைல சேரும்போது டாக்டர் பாக்கலையா?"

"கண்ணப் பாத்தாரு. கை கால் பாத்தாரு. கேள்வி கேட்டப்ப அவரு வாயப் பாத்துப் பதில் சொன்னேன். தோ, இப்ப உங்க வாயப் பாத்துப் பேசல?"

"இத்தன வருஷம் எப்படிண்ணே ஓட்டுனீங்க?"

"காதுலயா ஓட்டுறாங்க? இன்ன வேகத்துல இப்டி உதறும், அப்ப மூணாவது போடணும். உதறல் முதுகுக்கு வந்தா நாலாவது. கால்ல தெரியும், சீட்டுல தெரியும். ஒரு ஆட்டுக்குட்டி மேலகூட ஏத்துனது இல்ல." தூக்கை ஓரமாக நகர்த்தி வைத்தார். "இப்ப ஒண்ணுமே தெரியல. வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியல. துணிமூட்டை மேல உக்காந்துக்கினு போற மாதிரி கீது. அந்தப் பழைய ரப்பரே போட்டுடுங்களேம்மா."

யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சரி என்றோ முடியாது என்றோ சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பாவம், பிள்ளை குட்டிக்காரன். நீ வாயைத் திறக்காத" என்றாள். மறுநாள் காலை எனக்கு டிபன் கட்டிக்கொண்டே, "ஏண்டி, நீயும் அந்த பஸ்லதானே போற? காது கேக்காதவன் கையில அம்பது உசுரா? பேசாம சொல்லிடு" என்றாள். நான் கதவைத் திறந்தபோது பின்னாலேயே வந்து, "இரு, அவசரப்படாத" என்றாள். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். எதுவும் சரியாகப் படவில்லை.

கடைசியில் நான் செய்தது பாதி வேலை. ஓட்டுநரின் காலடியில் ஒட்டிய தார் அட்டையைப் பிய்த்தேன். அந்தத் தகட்டிலிருந்து என்ஜின் பக்கத்துக்கு ஒரு இரும்புப் பட்டையை நேராக முடுக்கச் சொன்னேன். மற்ற எல்லோருக்கும் நடுக்கம் இல்லை. அவருக்கு மட்டும் உண்டு. நடுக்கத்தைக் குறைக்கத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்; அதை ஒரு மனிதரின் பாதத்துக்குத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பட்டையின் கனத்தை மூன்று தடவை மாற்றினோம். மூன்றாவதில் அவர் வெறுங்காலை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஃபோர்மன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போல்ட்டை முடுக்கினார். பஸ் மறுபடி ஒழுங்காக ஓடியது. என் அறிக்கையில் 'ஓட்டுநர் பகுதி நீங்கலாக' என்று எழுதினேன். ஏன் நீங்கலாக என்று தலைவர் கேட்டபோது, பெடல்களுக்கு இடைஞ்சலாக இருந்தது என்று பொய் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பொய் சொன்னதற்குப் பரிகாரம் போல இன்னொன்றும் செய்தேன். தினமும் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். பின்னால் லாரி ஹாரன் அடித்து வழி கேட்டால், அவர் இருக்கையின் கம்பியில் இரண்டு தட்டு. யாராவது நிறுத்தச் சொன்னால் ஒரு தட்டு. நாங்கள் பேசி வைத்துக்கொண்டதல்ல. முதல் நாள் நான் தட்டினேன், அவர் கண்ணாடியைப் பார்த்து ஒதுங்கினார், அவ்வளவுதான். என் தோழிகள், எனக்குக் கைநடுக்கம் என்று கேலி செய்தார்கள். நான்கு மாதம் இப்படிப் போனது. நான் நல்ல காரியம் செய்கிறேன் என்று சில நாள் தோன்றும். நான் ஒரு குற்றத்தைத் தினமும் காலையும் மாலையும் செய்கிறேன் என்று சில நாள் தோன்றும். பஸ்ஸில் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் தூங்கியதில்லை.

அதன் முடிவில் சித்தி மகள் கல்யாணத்துக்காக ஒரு வாரம் விடுப்பில் மதராஸ் போனேன். திரும்பி வந்த அன்று காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அவர் பஸ்ஸுக்கு வெளியே எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க இல்லாதப்ப ஒண்ணு ஆச்சும்மா. உப்பல் ரோட்டுல நான் வலது பக்கம் எடுக்குறேன், பின்னால லாரி. கண்ணாடிய நான் பாக்கவே இல்ல."

"இடிச்சுட்டானா?"

"இல்ல. நூலெழைல தப்புச்சு. ஏன் பாக்கலன்னு யோசிச்சேன். நீங்க தட்டல. அதான் பாக்கல." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "முன்னெல்லாம் மூச்சு வுடுற மாதிரி கண்ணாடி பாப்பேன். இப்ப உங்க தட்டலுக்குக் காத்துக்கினு கீறேன். எனக்கே பயமா கீது. இனிமே நான் ஓட்டல. எழுதிக் குடுத்துட்டேன். வேற ஆள் வர்ற வரைக்கும்தான்."

நான் அவருக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அவரைக் காப்பாற்றிய ஒரு பழக்கத்தை நாலே மாதத்தில் அழித்திருக்கிறேன். அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஓட்ட முடியாது என்று கொடுத்த மனுவில் அவர் காது என்று எழுதவில்லை. கண் மங்குகிறது என்று எழுதியிருந்தார். காதை மறைத்தது தெரிந்தால் வேலையே போய்விடும் என்ற பயம். தொழிற்சாலை டாக்டர் கண்ணைச் சோதித்தார்; கடைசி வரிவரை வாசித்தார் மனிதர். நன்றாகப் பார்க்கிற ஒருவர் ஏன் ஓட்ட மறுக்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. டாக்டர் அவருக்கு முதுகைக் காட்டிக் கை கழுவிக்கொண்டே ஏதோ கேட்டிருக்கிறார். பதில் இல்லை. மறுபடி கேட்டிருக்கிறார். அப்படித்தான் வெளியே வந்தது.

விசாரணை வைத்தார்கள். பஸ்ஸைச் சரிசெய்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். நீளமான மேஜை, மூன்று அதிகாரிகள், ஓரத்தில் எங்கள் தலைவர். காலடித் தகட்டில் அட்டை ஏன் இல்லை, பட்டை ஏன் என்று கேட்டார்கள். பெடலுக்கு இடைஞ்சல் என்ற பழைய பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஓட்டுநர் எதிரில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் காது கேட்காது என்று தெரியும். நடுக்கம் இல்லாமல் அவரால் ஓட்ட முடியாது. அதனால் வைத்தேன்" என்றேன்.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"ஐந்து மாதமாக."

"ஏன் சொல்லவில்லை?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். "தெரியவில்லை சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வந்ததும், கோபமே இல்லாமல், "ஒரு பம்ப் விஷயத்தில் நீங்கள் இப்படிச் செய்திருப்பீர்களா?" என்று கேட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு வருஷம் பதவி உயர்வு தள்ளிப்போனது. விபத்து எதுவும் இல்லாததாலும், முன்னாள் ராணுவ வீரர் என்பதாலும் அவரை வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். தொழிற்சாலை மருத்துவமனையில் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தார்கள். சட்டைப்பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுவரை ஒரு ஒயர்.

சில வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் ரப்பர் தகடு தேவைப்பட்டு, சீட்டோடு போக வேண்டியதாயிற்று. பொருளை எடுத்து வைத்துவிட்டு அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"எப்படி இருக்குண்ணே, கேக்குதா?"

"எல்லாமே கேக்குதும்மா. அதான் கஷ்டம்." முகத்தைச் சுளித்தார். "எது எதுன்னு தெரியல. ஊட்டுல இட்லிப்பானை மூடுனா வெடி வெச்ச மாதிரி கீது. என் சட்டையே கரகரன்னு சத்தம் போடுது. சட்டை சத்தம் போடுமா?"

"இந்தப் பெட்டி மேல உரசும்போது கேக்கும்."

"தோ, இது இன்னா?" கையை உயர்த்தினார்.

"மேல ஃபேன். ஒரு றெக்கை வளைஞ்சிருக்கு."

"இது?"

"பக்கத்து ஷெட்ல கடைசல் மிஷின்."

ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன். டைப்ரைட்டர், தண்ணீர்க் குழாய், யாரோ இழுக்கும் நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் மனப்பாடம் செய்கிறவரைப் போலத் தலையாட்டினார். என் மேல் கோபமா என்று கேட்க நினைத்தேன். அவர் என் வாயைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதல் தடவையாக.

"இது? ஙொய்ங்னு வருது பாருங்க. சன்னமா."

நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. காதுக்கருவியே போடும் ஊளையாக இருக்கலாம். தூரத்தில் பம்ப் ஏதாவது சோதனையில் ஓடிக்கொண்டிருக்கலாம். கண்ணை மூடி மறுபடி கேட்டேன்.

"தெரியலண்ணே" என்றேன்.

"தெரியலையா?" என்றார் அவர், உரக்க. பிறகு இரண்டு பேரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.